மென்பொருள் புதிது, எக்செல் பழையபடியே: மறுபடி வகுப்பு எடுக்கலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா, நடுத்தர அளவுள்ள உற்பத்தி நிறுவனம் ஒன்றின் மனிதவளத் துறையில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். கொள்முதல், கிடங்கு, கணக்கு மூன்றையும் இணைக்கும் ஈஆர்பி மென்பொருளை அரை ஆண்டுக்கு முன் கொண்டுவந்தோம். அதற்கு முந்தைய மாதம் அனைவருக்கும் மூன்று நாள் வகுப்பு நடத்தினோம். வர முடியாதவர்களுக்காக எல்எம்எஸ்ஸில் (இணையவழிப் பாடங்களை ஏற்றி, யார் முடித்தார் என்று பதிவுசெய்யும் மென்பொருள்) வீடியோ பாடங்களும் ஏற்றினோம். 94 சதவீதம் பேர் பாடங்களை முடித்திருக்கிறார்கள். கருத்துப் படிவத்தில் வகுப்புக்கு ஐந்துக்கு 4.6 மதிப்பெண். ஆனாலும் கிடங்கில் இன்னும் எக்செல்தான். மாத முடிப்பு வந்தால் இன்வாய்ஸ் பொருந்தவில்லை என்று கணக்குத் துறையில் சண்டை. ஹெல்ப்டெஸ்க்குக்கு அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "பயிற்சி சரியில்லை, எல்லோருக்கும் மறுபடி எடுங்கள்" என்கிறார் இயக்குநர். செயற்கை நுண்ணறிவுடன் வரும் புதிய எல்எம்எஸ் ஒன்றின் டெமோவும் பார்த்தாயிற்று. அதை வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா? மறுபயிற்சியை எப்படித் திட்டமிடுவது? இன்னொன்று: மூத்த ஊழியர்களுக்குக் கணினி வராது, அவர்களுக்குத் தனி வகுப்பு வையுங்கள் என்று துறைத் தலைவர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

இப்போதைக்கு எல்எம்எஸ் வாங்க வேண்டாம். எல்லோருக்கும் மறுபடி மூன்று நாள் வகுப்பும் வேண்டாம். இயக்குநரிடம் ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அந்த மாதத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்ப்போம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில், பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பயிற்சித் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்த விஷயம்தான். ஆனால் முதல் படியோடு நிற்பதுதான் வழக்கமாகிவிட்டது. உங்கள் 4.6 அந்த முதல் படி. பயிற்சியாளர் நன்றாகப் பேசினார், சொன்ன நேரத்துக்கு முடித்தார் என்று அதற்குப் பொருள். அதற்கு மேல் எதுவும் இல்லை.

94 சதவீதம் இரண்டாம் படியைக்கூடத் தொடவில்லை. வீடியோ பாடங்கள் பெரும்பாலும் ஸ்கார்ம் என்ற தரத்தின்படி தயாரிக்கப்படுகின்றன. 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 'முடித்தார்' என்ற குறி எப்போது விழ வேண்டும் என்பதைப் பாடத்தைத் தயாரித்தவர்தான் தீர்மானிக்கிறார். கடைசி ஸ்லைடைத் திறந்தால் போதும் என்று வைத்திருந்தால், 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்திக்கொண்டே போனவரும் முடித்தவர்தான். உங்கள் பாடங்களில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாடம் திறந்திருந்த நேரமும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். இருபது நிமிடப் பாடத்தை மூன்று நிமிடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று எடுத்துப் பாருங்கள். இயக்குநரிடம் போகும்போது அந்தப் பட்டியல் உதவும்.

அடுத்து, வகுப்பு நடந்த காலம். மென்பொருள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் மூன்று நாள் உட்கார வைத்திருக்கிறீர்கள். அப்போது யாருக்கு எந்த அனுமதி என்பதே முடிவாகியிருக்காது. பொருள் குறியீடுகள் பாதிதான் ஏறியிருக்கும். பயிற்சிக்காக வைத்த டேட்டாவில் எல்லா ஆர்டரும் ஒழுங்காக இருந்திருக்கும், எல்லா சரக்கும் முழுதாக வந்திருக்கும். தினமும் தொடாத ஒன்றை ஒரு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. அர்த்தமுள்ள வேலைக்கு அந்த அளவு அப்படியே பொருந்தாது, ஆனால் பழகாதது மறையும் என்பது பொருந்தும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்று ஒரு பிரமிடு படம் விற்பனையாளர்களின் ஸ்லைடுகளில் அடிக்கடி வரும். கீழே எட்கர் டேல் என்று பெயர் போட்டிருப்பார்கள். டேல் 1946-இல் அப்படி ஒரு கூம்பு வரைந்தது உண்மை. அதில் சதவீதம் எதுவும் கிடையாது. எண்கள் பிற்பாடு யாரோ ஒட்டியவை. உங்கள் டெமோவில் அந்தப் படம் வந்திருந்தால், மற்ற எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிடங்கில் போய் உட்காருங்கள். கேள்வித்தாள் வேண்டாம், கூட்டம் வேண்டாம். சரக்கு இறங்கும் நேரத்தில், என்ட்ரி போடுபவரின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, காலை முதல் ஷிஃப்ட் முடியும்வரை பாருங்கள். "ஏன் எக்செல்லில் போடுகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், குற்றம் கண்டுபிடிக்க வந்ததாக நினைப்பார்கள். "இந்த நெடுவரிசையில் என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த எக்செல் தாளின் ஒவ்வொரு தலைப்பையும் குறித்துக்கொண்டு, ஈஆர்பியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

இப்படிப் பார்க்கப்போகும் இடங்களில் பெரும்பாலும் தென்படுவது இதுதான். வண்டி வந்து நிற்கிறது. ஆனால் பி.ஓ. (விற்பவருக்குக் கொடுக்கும் கொள்முதல் ஆணை) இன்னும் சிஸ்டத்தில் ஏறவில்லை, கொள்முதல் துறை தொலைபேசியில் ஆர்டர் சொல்லிவிட்டு மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது. பி.ஓ. இல்லாமல் ஜிஆர்என் (சரக்கு வந்ததற்கான வரவுப் பதிவு) போட மென்பொருள் விடாது. வண்டியை நிறுத்தி வைக்கவும் முடியாது. சரக்கை இறக்கி, எக்செல்லில் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் கழித்து பி.ஓ. வந்ததும் ஜிஆர்என் போடுகிறார்கள், அன்றைய தேதியில். அல்லது ஆர்டர் பெட்டிக் கணக்கில் இருக்கும், சரக்கு எண்ணிக்கைக் கணக்கில் வந்திருக்கும். ஒரு பெட்டிக்கு எத்தனை என்ற மாற்றுக் கணக்கை மென்பொருளில் யாரும் பதியவில்லை. எக்செல்லில் அந்தப் பெருக்கல் சூத்திரம் அழகாக இருக்கும். அல்லது நூறில் அறுபதுதான் வந்தது, மீதி நாளை. பகுதி வரவை எப்படிப் பதிவது என்று வகுப்பில் காட்டவே இல்லை. அதனால் மீதியும் வந்த பிறகு மொத்தமாகப் போடலாம் என்று காத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குத் துறைக்கு வாருங்கள். விற்பவர் அனுப்பிய இன்வாய்ஸை மென்பொருள் இரண்டோடு ஒப்பிடுகிறது: நாம் போட்ட பி.ஓ., நாம் பெற்ற சரக்கின் ஜிஆர்என். மூன்றும் விலையிலும் அளவிலும் ஒத்துப்போனால்தான் பணம் கொடுக்க வழிவிடும். ஜிஆர்என் தாமதமானாலோ, பெட்டிக்கும் எண்ணிக்கைக்கும் குழப்பம் இருந்தாலோ இன்வாய்ஸ் தொங்கும். சரக்கு முந்தைய மாதம் வந்து, பதிவு இந்த மாதத் தேதியில் விழுந்தால் மாதக் கணக்கும் தவறும். ஆக, கணக்குத் துறையில் தெரியும் பிழை கிடங்கு வாசலில் பிறந்தது. கிடங்குப் பிழைக்குக் காரணம் கொள்முதல் மேசையில் இருக்கலாம். இந்த நிலையில் கணக்குத் துறைக்கு மறுபடி மூன்று நாள் வகுப்பு எடுத்தால், பொருந்தாத இன்வாய்ஸைத் திறப்பது எப்படி என்று இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அதனால், மாத முடிப்பில் சிக்கிய இன்வாய்ஸ்களில் ஒரு இருபதை எடுத்து, ஒவ்வொன்றையும் பின்னோக்கித் துரத்திக்கொண்டு போங்கள். எந்த இடத்தில், எந்த ஸ்க்ரீனில், யார் கையில் தடம் மாறியது? ஐடி துறையிலிருந்து ஒருவரும் கணக்கிலிருந்து ஒருவரும் கூட இருக்கட்டும். ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்களையும் இதே மாதிரி பிரியுங்கள். பாஸ்வேர்ட் மறந்தவற்றை ஒதுக்கிவிட்டால், மீதியில் ஒரு சில கேள்விகளே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும்.

இப்படித் திரட்டியதை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். முதலாவது, தெரியாததால் செய்யவில்லை. பகுதி வரவு அந்த வகை. இதற்கு மட்டும்தான் பயிற்சி மருந்து. இரண்டாவது, தெரியும், ஆனால் மென்பொருளோ நடைமுறையோ விடவில்லை. பி.ஓ. தாமதமும் அளவு மாற்றுக் கணக்கும் இதில் வரும். அனுமதி இல்லாத லாகின், மெதுவான நெட்வொர்க், ஒரே கணினியை நான்கு பேர் பகிர்வது எல்லாம் இங்கேதான். இதை ஐடியும் துறைத் தலைவர்களும் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, தெரியும், முடியும், ஆனால் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இந்த மூன்றாவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காலைக் கூட்டத்தில் கிடங்கு மேலாளர் எதைப் பார்த்து இருப்பைக் கேட்கிறார்? எக்செல் தாளைப் பார்த்துக் கேட்கிறார் என்றால், அதை நிரப்புவதுதான் ஊழியரின் உண்மையான வேலை, ஈஆர்பி அவருக்குக் கூடுதல் சுமை. ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மென்பொருளை மக்கள் பயன்படுத்துவதை இரண்டு எண்ணங்களோடு ஒப்பிட்டார்: இது என் வேலைக்கு உதவும் என்ற எண்ணம், இது எளிது என்ற எண்ணம். முதலாவதற்குத்தான் அதிக வலு இருந்தது. நாம் பயிற்சியில் 'எளிது, எளிது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேலாளர் ஒருநாள் "இனிமேல் சிஸ்டத்தில் இல்லாத சரக்கு எனக்கு இல்லாத சரக்குதான்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஈஆர்பி ஸ்க்ரீனையே திரையில் போட்டால், நீங்கள் நடத்தும் எந்த வகுப்பையும்விட அது வேகமாக வேலை செய்யும். ஆனால் இரண்டாவது குவியலைச் சரிசெய்யாமல் இதைச் செய்ய வைக்காதீர்கள். பி.ஓ. வராமல் வண்டி நிற்கும்போது எக்செல்லையும் பிடுங்கினால், அடுத்ததாகத் துண்டுச்சீட்டு வரும்.

சரி, முதல் குவியலுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

மாட்யூல் வாரியாக வேண்டாம், வேலை வாரியாகக் கொடுங்கள். 'கிடங்கு மேலாண்மை' என்று ஒருநாள் பாடத்துக்குப் பதிலாக, 'ஆர்டரில் பாதி சரக்கு மட்டும் வந்தால்' என்று இருபது நிமிடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை வேகமாகத் தயார்செய்ய டி.டபிள்யூ.ஐ. என்ற திட்டம் நடந்தது. 1940-இல் தொடங்கி 1945 வரை. அதில் மேற்பார்வையாளர்களுக்குக் கொடுத்த சிறிய அட்டையில் கற்பிக்கும் முறை நான்கே படிகள்: கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, அவரைச் செய்யவை, பிறகு போய்ப் பார். கடைசல் இயந்திரத்துக்கு எழுதியது என்றாலும் ஈஆர்பி ஸ்க்ரீனுக்கும் அப்படியே பொருந்துகிறது. நம் வகுப்புகளில் இரண்டாவது படி மட்டும் மூன்று நாள் நடக்கிறது, மற்ற மூன்றும் இல்லை. மௌஸ் கற்பவர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏன் இதைச் செய்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். இரண்டு நாள் கழித்து நீங்களோ உங்கள் ஆளோ அவர் மேசைக்குப் போய்ப் பாருங்கள்.

இதற்குப் பழகும் தளம் ஒன்று வேண்டும். நிஜ மென்பொருளின் நகல், அண்மைக் கால டேட்டாவுடன். சம்பளம், வங்கி எண் போன்ற விவரங்களை மறைத்துவிட்டுத் தரும்படி ஐடியிடம் கேளுங்கள். ஸ்க்ரீனின் நிறமாவது வேறாக இருக்கட்டும், இல்லையென்றால் பழகுகிறேன் என்று நிஜத்தில் என்ட்ரி போட்டுவிடுவார்கள். பயிற்சிக்குப் போன வாரத்து உண்மையான ஆவணங்களையே எடுங்கள், அதிலும் கோணலானவற்றை: விலை மாறியது, அதிகமாக வந்தது, திருப்பி அனுப்பியது. ஒழுங்கான ஆர்டரைப் பதியச் சொல்லித்தரத் தேவையே இல்லை, அதைப் பெரும்பாலோர் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

எண்பதுகளில் ஐபிஎம்மில் ஜான் கேரலும் அவர் குழுவும் புதிய பயனர்களைக் கவனித்தபோது, கையேட்டை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை, நேராக வேலையில் இறங்கித் தவறு செய்து மாட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். அதனால் தடித்த கையேட்டை மெலிய வைத்து, தவறிலிருந்து மீளும் வழியை அதிகம் எழுதினார்கள். உங்களுக்கும் அதுவே. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கக் குறிப்பு. அதில் பாதி, 'இந்தப் பிழைச் செய்தி வந்தால் இதைச் செய்' என்று இருக்கட்டும். வீடியோ வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதன் தலைப்பு ஊழியர் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும். மென்பொருள் அப்டேட் ஆகும்போது ஸ்க்ரீன் மாறிவிடும், ஆகவே ஒவ்வொரு குறிப்புக்கும் வீடியோவுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டும்.

துறைக்கு ஒரு சூப்பர் யூசரை, அதாவது மென்பொருளை நன்கு அறிந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் சக ஊழியரை, நியமிப்பது நல்ல வழக்கம். ஆனால் பல இடங்களில் துறையின் கெட்டிக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவர் பழைய வேலையில் ஒரு துளியும் குறைக்காமல் இதையும் தலையில் வைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அவர் சொல்லித்தருவதை விட்டுவிட்டு, கேட்டவருக்குத் தானே என்ட்ரி போட்டுக் கொடுத்து அனுப்புவார். அதுதான் அவருக்கு வேகம். அவர் நேரத்தில் ஒரு பகுதியை எழுத்துப்பூர்வமாக விடுவித்துத் தரத் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டால் மட்டும் நியமியுங்கள். அப்புறம், மாதக் கடைசி வாரத்தில் எந்தப் பயிற்சியும் வைக்காதீர்கள்.

எல்எம்எஸ் பற்றி. அது பதிவேடு. புதிதாகச் சேர்பவர்கள், பல கிளைகளில் இருப்பவர்கள், தகவல் பாதுகாப்புப் பயிற்சி, தணிக்கையாளர் கேட்கும் சான்று, இவற்றுக்கெல்லாம் தேவைதான். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது இந்த வேலைக்குப் போதும். நாளைக்கு மாற்ற நினைத்தாலும், 2002 முதல் இருக்கும் மூடுல் போன்ற திறந்த மூல மென்பொருளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமக் கட்டணம் இல்லை என்றாலும் சர்வர், பராமரிப்பு, ஆள் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. எதை வாங்கினாலும் விலகும்போது பழைய பதிவுகளை முழுதாக வெளியே எடுக்க முடியுமா, மேசையும் மின்னஞ்சலும் இல்லாத ஊழியர் கைபேசியில் நுழைய முடியுமா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் உங்கள் நடைமுறை ஆவணங்களைப் படித்துத்தான் பதில் சொல்லும். பழைய நடைமுறை எழுதிய கோப்பு உள்ளே கிடந்தால், அதையே தயக்கமில்லாமல் சொல்லும். ஒரு பக்கக் குறிப்புகள் தயாராகும்வரை அதற்குத் தீனியே இல்லை. அடுத்த டெமோவுக்கு விற்பனையாளர் வந்தால், உங்கள் கிடங்கின் பெட்டி–எண்ணிக்கைக் குழப்பத்தைக் கொடுத்து, அதற்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஊழியர்கள் கேட்கும் கேள்விகள் எங்கே சேமிக்கப்படும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இயக்குநரிடம் "பயிற்சி காரணமில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், தற்காப்பாகத் தெரியும். அந்த இருபது இன்வாய்ஸின் தடத்தை ஒரே தாளில் வைத்துக் காட்டுங்கள். பிறகு ஒரு கிடங்கில், ஒரு ஷிஃப்டில் மட்டும் மாற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அளவுகோல் மூன்று போதும்: சரக்கு வந்ததற்கும் ஜிஆர்என்னுக்கும் இடைவெளி எத்தனை மணி நேரம், பொருந்தாத இன்வாய்ஸ் எத்தனை, திரும்பி வரும் டிக்கெட் எத்தனை. மாற்றத்துக்கு முந்தைய எண்களை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், பிற்பாடு கிடைக்காது. கிர்க்பாட்ரிக் சொன்ன மூன்றாம், நான்காம் படிகள் இவைதான்.

அவர் வரலாறு கேட்கும் ஆளாக இருந்தால், பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் எழுதியதைச் சொல்லலாம். மின்சாரம் 1880-களிலேயே தொழிற்சாலைகளுக்கு வரத் தொடங்கியது, உற்பத்தித்திறன் பெரிதாக உயர்ந்தது 1920-களில். நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்து, பழைய தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் அப்படியே சுழலவிட்டதுதான் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வைத்து, வேலை ஓடும் வரிசைப்படி தளத்தை மாற்றி அமைத்த பிறகுதான் பலன் வந்தது. பி.ஓ. போடும் பழக்கத்தை மாற்றாமல் ஈஆர்பி மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதை அவரே புரிந்துகொள்வார்.

மூத்த ஊழியர்கள் விஷயத்தில் துறைத் தலைவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வயதைப் பார்த்துப் பிரித்தால் அவமானப்படுவார்கள், அதன்பின் சந்தேகம் கேட்கவே மாட்டார்கள். எந்த வேலை வரவில்லையோ அதைப் பார்த்துப் பிரியுங்கள், அந்தக் குழுவில் இளையவர்களும் இருப்பார்கள். சரக்கில் என்னென்ன கோணல் வரும் என்று மூத்தவர்களுக்குத்தான் தெரியும், ஆகவே பயிற்சிக்கான எடுத்துக்காட்டுகளை அவர்களைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். அவர்கள் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு அல்ல. காகிதத்தில் தப்பாக எழுதினால் அடித்துத் திருத்தலாம், இதில் 'சேவ்' அழுத்தினால் கணக்கே போய்விடுமோ என்ற பயம். அதனால் அவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது என்ட்ரி போடுவதை அல்ல, போட்ட என்ட்ரியை ரிவர்ஸ் செய்வதை. பழகும் தளத்தில் தப்பாகப் போடச் சொல்லி, ரிவர்ஸ் செய்ய வையுங்கள். ஸ்க்ரீனில் எழுத்தைப் பெரிதாக்கும் வழியையும் அன்றே காட்டிவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுவார்கள்.